பள்ளி செல்லாமல் பத்தாம் வகுப்பு: விருத்தாசலத்திலிருந்து ஒரு பார்வை

விருத்தாசலத்தில் ‘செராமிக்’ என்பது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. கார்த்திகைக்கு அகல் விளக்கு, கொலுவுக்குப் பொம்மை, மின்சார வேலைக்கு இன்சுலேட்டரும் ஃபியூஸ் கேரியரும் என்று பல பொருள்கள் அந்த ஊரின் சூளைகளிலிருந்து வெளியே போயிருக்கின்றன. வெண்களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் அரைத்துக் குழம்பாக்குகிறார்கள். அதை அச்சில் ஊற்றிக் காயவைத்து, மெருகு பூசிச் சூளையில் சுடுகிறார்கள். சூளை ஆறுவதற்கு முன் கதவைத் திறந்தால் பொருள் விரிசல் விடும் என்பது தொழில் பழகிய எல்லோருக்கும் தெரியும். குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று சுருங்குவதுதான் அதற்குக் காரணம். அந்தக் கட்டத்தை மெல்லக் கடக்க விட வேண்டும். சூளை வேலையைப் பார்த்து வளரும் பிள்ளை இந்த இயற்பியலைப் புத்தகம் திறப்பதற்கு முன்பே கற்றுக்கொள்கிறது.

அந்த அறிவுக்கு அடுத்த படியும் அதே ஊரில் இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் அரசு நிறுவனம் விருத்தாசலத்தில் உள்ளது. மற்ற பாலிடெக்னிக் பட்டயப் படிப்புகளைப் போலவே அதில் சேரவும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அல்லது அதற்கு இணையான தேர்ச்சி வேண்டும்.

‘இணையான’ என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. பள்ளிக்குப் போகாமல் வீட்டில் படித்த பிள்ளை அந்தச் சொல்லைத் தனதாக்கிக்கொள்ள என்ன வழி இருக்கிறது? அந்த வழி எங்கெங்கே இடறுகிறது? தமிழ்நாட்டில் கதவு திறந்தே இருக்கிறது, இதைப் பெருமையோடு சொல்லலாம். ஆனால் கதவுவரை போகும் பாதை, எல்லாப் பிள்ளையும் ஒரு காலத்தில் பள்ளியில் இருந்திருக்கும் என்ற எண்ணத்தில் போடப்பட்டது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டில் படிப்பவர் யார்?

வீட்டுக் கல்வி என்றதும் பெருநகரத்தில் வசதியோடு வாழும், பள்ளி முறையில் நம்பிக்கை இழந்த பெற்றோர் நினைவுக்கு வருகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் உண்டு. யோசித்து முடிவெடுத்து, பிள்ளையோடு உட்கார்ந்து கற்பிப்பவர்கள் அவர்கள். அவர்களைவிடப் பெரிய கூட்டம் ஒன்று கண்ணில் படாமல் இருக்கிறது. நீண்ட நாள் நோயால் பள்ளியை விட்ட பிள்ளை, கை கால் இயங்காததால் படியேற முடியாத பிள்ளை, பெற்றோர் வேலை தேடி ஊர் ஊராகப் போவதால் எந்தப் பள்ளியிலும் நிலைக்காத பிள்ளை, வீட்டுப் பொறுப்பு தலையில் விழுந்ததால் ஏழாம் வகுப்போடு நின்ற பெண் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் அடக்கம். பிற்பாடு இவர்கள் வீட்டில் அண்ணனிடமோ அக்காவிடமோ தெரிந்த ஆசிரியரிடமோ படிக்கத் தொடங்கும்போது இவர்களும் வீட்டில் படித்தவர்களே. முதல் கூட்டத்துக்கு வழி தெரியும், விசாரிக்க ஆளும் இருக்கும். இரண்டாவது கூட்டத்துக்கு இரண்டும் இல்லை. எந்த ஏற்பாட்டையும் அந்த இரண்டாவது கூட்டத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10-ஆம் பிரிவு. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. ‘கட்டாயம்’ என்ற சொல்லின் சுமையை அச்சட்டம் முதன்மையாக அரசின் மீதே வைத்திருக்கிறது. 2012-இல் வந்த திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது. கடுமையான ஊனமோ பல வகை ஊனங்களோ உள்ள குழந்தை வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆக, வீட்டில் கற்பது என்ற கருத்து நம் சட்டப் புத்தகத்துக்கு அந்நியமானதன்று. ஒரு பிரிவினருக்கு அது எழுதப்பட்ட உரிமையாகவே இருக்கிறது. வீட்டில் கற்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு, கற்றதை நிரூபிக்கும் வழியை எளிதாக்காமல் விட்டால் அந்த உரிமை பாதியில் நின்றுவிடும்.

நம் மரபில் இது புதிதா?

பள்ளிச் சான்று இல்லாமல் புலமையை நிரூபிப்பது தமிழருக்குப் பழக்கமான செய்திதான். உ.வே. சாமிநாதையர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தொடங்கி, ஊர் ஊராக ஆசிரியர்களைத் தேடிப் போய்ப் படித்தவர். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை கேட்டார். பிறகு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டார். 1880-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தபோது பொதுத்தேர்வுச் சான்று எதுவும் அவர் கையில் இல்லை. தியாகராச செட்டியாரின் பரிந்துரை இருந்தது. கல்லூரியில் இருந்தவர்கள் அவரிடம் பாடல் சொல்லச் சொல்லி, பொருள் கேட்டு, புலமையைச் சோதித்து ஏற்றுக்கொண்டார்கள். எங்கே படித்தாய் என்பதைவிட என்ன தெரியும் என்ற கேள்விக்கு அங்கே மதிப்பு இருந்தது. அந்தக் கேள்வி கேட்கப்பட்டிராவிட்டால் சங்க நூல்களின் பதிப்பு வரலாறு வேறாக இருந்திருக்கும்.

அந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. பரிந்துரைக்க ஒரு தியாகராச செட்டியார் இல்லாதவருக்கு அங்கே இடம் கிடையாது. எவரையும் தெரிந்துவைத்திராத எளிய வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்ததுதான் பொதுத்தேர்வு செய்த நன்மை. எஸ்.எஸ்.எல்.சி. என்ற எழுத்துகள் பல குடும்பங்களின் வரலாற்றைத் திருப்பியது அதனால்தான். அந்த நன்மை பள்ளிக்கு வெளியே இருப்பவருக்கும் சேர வேண்டும்.

தமிழ்நாடு திறந்து வைத்திருக்கும் வாசல்கள்

முதல் வாசல் தனித்தேர்வு. தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, மேல்நிலை ஆகிய தேர்வுகளைத் தனித்தேர்வர்களும் எழுத அனுமதிக்கிறது. முன்பு பள்ளியில் படித்துத் தோற்றவர் மட்டுமல்லாமல், முதன்முறையாகவே வெளியிலிருந்து எழுதுபவரும் வரலாம். ‘நேரடித் தனித்தேர்வர்’ என்று அவருக்குப் பெயர். எட்டாம் வகுப்புத் தேர்வுக்கு 12½ வயது நிறைந்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்புக்கு 14½. எட்டாம் வகுப்புத் தேர்வுக் கட்டணம் 125 ரூபாய் என்ற அளவிலேயே இருந்துவந்திருக்கிறது, பதிவுக் கட்டணம் தனி. பணம் இங்கே பெரிய தடையாக இல்லை என்பது மெச்சத்தக்கது. சிபிஎஸ்இ வாரியத்தில் தனித்தேர்வு என்பது பெரும்பாலும் அந்த வாரியத்தின் தேர்வை முன்பே எழுதியவருக்கானது. அதோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டின் மனம் பெரிது.

இரண்டாவது வாசல் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம், சுருக்கமாக என்ஐஓஎஸ். 1979-இல் சிபிஎஸ்இயின் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தனி உரு எடுத்து, 2002-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்தவர் சேரலாம். எட்டாம் வகுப்புச் சான்று இல்லாதவர், அந்த நிலைப் பாடத்தைப் படிக்கும் திறன் தனக்கு உண்டு என்று தானே எழுதிக்கொடுக்கும் உறுதிமொழியை அது ஏற்கிறது. ஐந்து பாடங்களில் தேறினால் போதும். ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் ஒவ்வொன்றாக முடிக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு நடக்கிறது. நோயாளிப் பிள்ளைக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைக்கும் இந்த நெகிழ்வு பெரிய கொடை.

மூன்றாவது வாசல் அதிகம் பேசப்படாதது. எட்டாம் வகுப்பு முடித்து ஐடிஐயில் இரண்டாண்டு தொழிற்பயிற்சி பெற்று, பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறியவருக்குப் பத்தாம் வகுப்புக்கு இணையான தகுதியைத் தமிழ்நாடு அரசு வழங்குகிறது. பட்டறையில் கற்றதும் படிப்புதான் என்று அரசே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பாதை எங்கே இடறுகிறது?

பத்தாம் வகுப்பு அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும் 25 மதிப்பெண் செய்முறைக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பள்ளி மாணவருக்குச் செய்முறை என்பது கால அட்டவணையில் ஒரு பாடவேளை. தனித்தேர்வரோ குறிப்பிட்ட பள்ளியில் நடக்கும் செய்முறைப் பயிற்சி வகுப்புக்குத் தனியாகப் பெயர் பதிய வேண்டும். அதில் 80 விழுக்காடு நாட்கள் வந்திருந்தால்தான் தேர்வுக்கு அனுமதி. இந்தப் பதிவு மார்ச் தேர்வுக்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். தேர்வுக்கான விண்ணப்பம் அதற்குப் பிறகு தனியாக வரும். ‘விண்ணப்பிக்கத்தான் இன்னும் நாள் இருக்கிறதே’ என்று காத்திருந்த குடும்பம், முதல் பதிவு முடிந்துபோனதை அப்போதுதான் அறிகிறது. பிள்ளையின் ஓராண்டு அதில் போய்விடுகிறது.

செய்முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையால் செய்யாத அறிவியல் அறிவியலாகாது. ஆனால் விருத்தாசலத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். களிமண் குழம்பின் அடர்த்தியைப் பார்த்துத் தண்ணீர் சேர்க்கவும், சூளையின் நிறத்தைப் பார்த்து வெப்பத்தை மதிப்பிடவும் தெரிந்த பிள்ளை, ஆய்வகத்தில் பதிவேடு எழுதவில்லை என்ற காரணத்தால் அறிவியல் செய்முறை அறியாதவராகக் கணக்கில் எடுக்கப்படுகிறார். அந்தப் பிள்ளையின் தேர்ச்சியைக் குறுகிய காலப் பயிற்சியிலும் ஒரு நாள் நேர்முகச் செய்முறைத் தேர்விலும் அளந்துவிட முடியும். வருகைப்பதிவு திறனுக்கான அளவுகோலாகாது.

அடுத்த இடறல் எட்டாம் வகுப்புச் சான்று. பள்ளியில் படித்தவருக்கு அது மாற்றுச் சான்றிதழில் தானாக வந்துவிடும். பள்ளிக்கே போகாதவர் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை முதலில் எழுத வேண்டும். 13 வயதில் அதை முடித்தவருக்கு 15 வயதில் பத்தாம் வகுப்பு எழுத வழி நேராக இருக்கும். 15 வயதில்தான் இதைத் தெரிந்துகொண்டவர் அங்கிருந்தே தொடங்க வேண்டும். வழக்கமான விண்ணப்பக் காலத்தைத் தவறவிட்டால் தட்கல் முறையில் கூடுதல் கட்டணம் கட்டலாம். அதையும் தவறவிட்டால் அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

விண்ணப்பத்துக்குக் கல்வி மாவட்டந்தோறும் அமைக்கப்பட்ட அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டும். கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலமே ஒரு கல்வி மாவட்டத் தலைமையிடம் என்பதால் நகரத்தில் இருப்பவருக்கு இது எளிது. தொலைவில் உள்ள கிராமத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் தாய்க்கு, ஒரு தாள் குறைகிறது என்பதற்காக மறுபடி வருவது எளிதன்று. எந்தெந்தச் சான்று வேண்டும் என்பது வீட்டிலிருக்கும்போதே தெரிந்திருந்தால் அந்த இரண்டாவது பயணம் தேவைப்படாது.

விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. பதினோராம் வகுப்புக்கு 2017-18-இல் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அது கைவிடப்பட்டது. இத்தகைய மாற்றங்களைப் பள்ளி மாணவருக்கு வகுப்பாசிரியர் சொல்லிவிடுவார். தனித்தேர்வருக்குச் சொல்ல யாரும் இல்லை. வீட்டில் படிப்பவர் இழப்பது ஆசிரியரை என்று நாம் நினைக்கிறோம். தேதியை நினைவூட்டும், படிவத்தை நிரப்பித்தரும், கையெழுத்துப் போடும் அலுவலகத்தையும் அவர் இழந்துவிடுகிறார். அந்த இழப்புத்தான் அவரைக் கடைசியில் தடுக்கிறது.

கொரோனா ஆண்டு இதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. 2020 ஜூனில் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானது. பள்ளி மாணவர் அனைவருக்கும் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு 80 விழுக்காடும் வருகைக்கு 20 விழுக்காடும் என்று கணக்கிட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். தனித்தேர்வருக்குக் காலாண்டும் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. அவர்கள் செப்டம்பர் வரை காத்திருந்து, தொற்று அடங்காத காலத்தில் தேர்வுக்கூடம் சென்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே, 2021 அக்டோபரில், ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. வீட்டு வாசலில் கற்பிக்க முடியும் என்று அரசே அதில் நிரூபித்தது. இல்லம் தேடிப் போன கல்விக்கு, இல்லம் தேடிப் போகும் தேர்வு வழிகாட்டல் துணையாக வந்திருந்தால் அந்தப் பணி நிறைவு பெற்றிருக்கும்.

தேறிய பிறகு என்ன?

சான்று கையில் வந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. மாநில வாரியத் தனித்தேர்வில் தேறியவர் சான்று மாநில வாரியச் சான்றே. என்ஐஓஎஸ் சான்றுக்கு அந்தந்தத் துறை, அந்தந்தப் பல்கலைக்கழகம் இணைத்தன்மை பார்க்கிறது. 2018-இல் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டை எழுதத் திறந்தநிலைப் பள்ளி மாணவருக்குத் தகுதியில்லை என்ற விதி வந்தபோது, தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அவர்களுக்கு வழி கிடைத்தது. அரசே நடத்தும் ஒரு நிறுவனத்தின் சான்றை, அரசே நடத்தும் இன்னொரு தேர்வில் ஏற்கச் சொல்லி மாணவர் நீதிமன்றம் போக நேர்ந்தது வருந்தத்தக்கது.

இன்னொரு நிகழ்வு தமிழ்நாட்டோடும் தொடர்புடையது. மும்பையில் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு வீட்டில் படித்த ஒரு மாணவி, பன்னாட்டுத் தகவலியல் ஒலிம்பியாடில் மூன்று முறை பதக்கம் வென்றார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்று இல்லாததால் ஐஐடியில் சேர வழியில்லை. சென்னைக் கணிதவியல் நிறுவனம் அவருடைய அறிவைப் பார்த்து முதுநிலைப் பாடம் படிக்கவே இடம் தந்தது. 2016-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் அவரை இளநிலைப் படிப்பில் சேர்த்துக்கொண்டது. சிறுசேரியில் இருக்கும் ஒரு நிறுவனத்தால் முடிந்தது மற்றவற்றாலும் முடியும். ஆனால் பதக்கம் வெல்லாத சராசரிப் பிள்ளைக்கு இந்தச் சலுகை கிடைக்காது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது எவரும் கேள்வி கேட்காத ஒரு சான்று.

பிற நாடுகள் இதே கேள்வியைப் பல விதமாகக் கையாள்கின்றன. அமெரிக்காவில் 1942-இல், படிப்பைப் பாதியில் விட்டுப் போருக்குப் போனவர்களுக்காக ஜிஇடி என்ற இணைத்தகுதித் தேர்வு உருவானது. உயர்நிலைப் பள்ளி முடிக்காத எவருக்கும் இன்று அது ஒரு வழி. அங்கும் குறைந்தபட்ச வயது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், வீட்டில் படித்து விரைவில் முடித்த பிள்ளை காத்திருக்க நேர்கிறது. இங்கிலாந்தில் தனித்தேர்வரை ஏற்கும் மையத்தைக் குடும்பமே தேடிக் கட்டணம் கட்ட வேண்டும். இலங்கையில் க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம் இரண்டுக்கும் பாடசாலைக்கு வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் முறை வேரூன்றியிருக்கிறது. எந்த நாட்டிலும் வினாத்தாளைவிட மையம், வயது, படிவம் ஆகியவையே பிள்ளைகளை நிறுத்துகின்றன.

செய்யக்கூடியவை

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. பத்தாம் வகுப்பை நேரடியாக எழுத வருபவரிடம் எட்டாம் வகுப்புச் சான்றுக்குப் பதிலாக, என்ஐஓஎஸ் ஏற்பதுபோல ஒரு தன்னுறுதிமொழியை ஏற்கலாம். பத்தாம் வகுப்புத் தாளை எழுதித் தேறுபவர் எட்டாம் வகுப்பை அறிந்தவர் என்பதற்கு அந்தத் தேர்ச்சியே சான்று. செய்முறைப் பதிவையும் தேர்வு விண்ணப்பத்தையும் ஒரே படிவமாக்கலாம். செய்முறைப் பயிற்சியை விடுமுறைக் காலத்தில் சில வாரங்களுக்குள் முடித்துத் தரலாம். விருத்தாசலம் போன்ற ஊர்களில் அரசுப் பாலிடெக்னிக், ஐடிஐ ஆய்வகங்களையும் அதற்குப் பயன்படுத்தலாம். வயது, சான்று, தேதி, கட்டணம், மையத்தின் முகவரி எல்லாம் அடங்கிய ஒரே ஒரு தமிழ்த் தாளை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் நியாயவிலைக் கடையிலும் ஒட்டலாம். என்ஐஓஎஸ் சான்றின் இணைத்தன்மையை வேலைவாய்ப்புக்கும் மேற்படிப்புக்கும் சேர்த்து ஒரே அரசாணையில் தெளிவாகச் சொல்லிவிடலாம்.

வீட்டில் பிள்ளைக்குக் கற்பிக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு 12 வயது ஆகும்போதே கல்வி மாவட்டச் சேவை மையத்தில் விசாரித்துவிடுங்கள். மாநில வாரியமா, திறந்தநிலைப் பள்ளியா என்பதைப் பிள்ளை அடுத்து எங்கே போக விரும்புகிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தாலும் கணிதத்தையும் அறிவியலையும் விட்டுவிடாதீர்கள். தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு முழுவதும் அவற்றின் மீதுதான் நிற்கிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளையாக இருந்தால், சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளுக்குத் தேர்வுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். கேட்டுப் பெற வேண்டிய உரிமைகள் அவை.

சட்டி பானை வாங்கும்போது நாம் சுண்டிப் பார்க்கிறோம். கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்தது என்று வாங்கிக்கொள்கிறோம். எந்தக் கொட்டகையில் காய்ந்தது என்று கேட்பதில்லை. ஒரு பிள்ளையைச் சுண்டிப் பார்க்கும் உரிமை அரசுக்கு உண்டு, கடுமையாகவே சுண்டிப் பார்க்கட்டும். ஆனால் சோதனைக்கு வந்து நிற்கும் வாய்ப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும். பள்ளியில் படித்ததற்கான பரிசாக அந்த வாய்ப்பைக் கருதக் கூடாது. அது கற்ற எவருக்கும் உரியது. தமிழ்நாடு கதவைத் திறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இனி அந்தக் கதவுவரை போகும் பாதையைச் செப்பனிட வேண்டும்.